ஒரு ‘ங்க’ குறைச்சல்

பிரகாசத்துக்கு அவன் வீட்டில் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அவனுடைய குறையே அதுதான்.

“ஏனுங்க, எந்திரிங்க, தண்ணி காஞ்சிருச்சுங்க” என்று தொடங்கும் சாராளின் நாள், “கதவைச் சாத்திட்டீங்களா, படுங்க” என்று முடியும். நடுவில் அவள் வாயிலிருந்து அவன் பெயர் ஒருமுறைகூட வராது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். கோபம் தலைக்கேறினாலும் “உங்களுக்கு அறிவிருக்குதுங்களா” என்றுதான் கேட்பாள். திட்டும்போதுகூட ‘ங்க’ போட்டுத் திட்டுகிறவளிடம் ஒரு மனிதன் எப்படித்தான் உரிமையோடு சண்டை போடுவது?

கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் ரிப்பேர் பட்டறையில் அவன் ‘காயில்’ என்னும் கம்பிச் சுருள் கட்டுகிறவன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் தோட்டத்துக்காரர்கள் டெம்போவில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். இத்தனை சுற்று என்றால் இத்தனைதான். கணக்குத் தப்பினால் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். பதினாறு வருஷமாக எண்ணி எண்ணி அவன் மூளைக்கு அதுவே வேலையாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவான். பிரசங்கம் நீண்டால் போதகர் எத்தனை முறை ‘பிரியமானவர்களே’ சொன்னார் என்று எண்ணுவான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாராள் தனக்குக் கொடுத்த ‘ங்க’வையும் எண்ணினான். பொழுது சாய்வதற்குள் நூற்று நாற்பத்து மூன்று.

பக்கத்து வீட்டு பக்ருன்னிசா தன் புருஷன் அப்துல் குத்தூஸைக் காலையிலிருந்து இரவு வரை, “நீ மனுசனாய்யா? காய் வாங்கச் சொன்னா கதை பேசிட்டு வர்றே” என்று வறுத்தெடுப்பாள். ஊரே அப்துல் குத்தூஸுக்காகப் பரிதாபப்பட்டது. பிரகாசம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கொடுத்துவைத்தவன் என்று பெருமூச்சு விடுவான்.

கல்யாணமான புதிதில் வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்துவிட்டான். “யாரும் இல்லாதப்பவாச்சும் என்னைப் பேர் சொல்லிக் கூப்புடேன்.”

சாராளுக்கு முகம் செத்துப்போய்விட்டது. “அதெல்லாம் வேண்டாமுங்க. எனக்கு வராதுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாக்கு திரும்பவில்லை போலிருக்கிறது, போகட்டும் என்று விட்டான். அவள் பெற்ற பிள்ளைகள் ரெபேக்காவுக்கும் கிறிஸ்டோவுக்குமே ‘வாங்க கண்ணு, சாப்புடுங்க கண்ணு’ தான். தெருவில் கீரைக்காரிக்கு ‘ங்க’, குப்பை வண்டிக்காரருக்கு ‘ங்க’. உலகத்துக்கே ஒரே அளவு என்றால் அவனுக்கு மட்டும் என்ன வருத்தம் வேண்டிக்கிடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

அந்தத் தேறுதல் தொண்ணூற்றாறாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு வந்த இன்லண்டு கடிதத்தோடு போயிற்று.

கடிதம் சாராளின் சொந்த ஊரான நல்லாங்குளத்திலிருந்து. எழுதியவன் ரூபன். சாராளோடு ஒரே தெருவில் பிறந்து, ஒரே ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவன். இப்போது குளத்தில் பரிசல் ஓட்டி மீன் பிடிக்கிறவன். ‘எருமை, எப்படி இருக்கிறே? ஆறு வருசம் கழிச்சுக் குளம் நெறஞ்சு நிக்குது. புள்ளைகளைக் கூட்டிட்டு வா. பரிசல்ல வெச்சு ஊரையே சுத்திக் காட்டறேன்’ என்று எழுதியிருந்தான்.

சாராள் படித்துவிட்டு அப்படிச் சிரித்தாள். “திமிரைப் பாருங்க இவனுக்கு. எருமையாமா. வாரேன்டா, வந்து வெச்சுக்கறேன்” என்று கடிதத்தைப் பார்த்தே பேசினாள்.

பிரகாசம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். வாரேன்டா. ஒன்பது வருஷமாகத் திரும்பாத நாக்கு ஒரு காகிதத்தைப் பார்த்ததும் எப்படித் திரும்பியது? அன்று பட்டறையில் ஒரு மோட்டாருக்குக் கணக்குத் தப்பி, சுற்றிய கம்பி முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே கிளம்பினார்கள். கிணத்துக்கடவில் பஸ் மாறி முக்கால் மணி நேரம். பிரகாசம் அந்த ஊருக்குப் போவது அதுதான் முதல்முறை. சாராளின் அப்பா ஐயாசாமி காலமான கையோடு அவளும் அவள் அம்மாவும் ஊரைக் காலி செய்துகொண்டு கோயமுத்தூர் வந்துவிட்டார்கள். கல்யாணமும் கோயமுத்தூரில்தான். ஊருக்குப் போகலாமா என்று அவன் கேட்டபோதெல்லாம் அவள் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது ரூபன் ஒரு வார்த்தை எழுதினான், கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரகாசம் இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

குளக்கரையில் ரூபன் காத்திருந்தான். கறுத்து, திடமாக, சிரித்த முகமாக இருந்தான். ஆள் சொத்தையாக இருந்திருந்தால் பிரகாசத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“வாங்க மாப்பிள்ளைங்க. நல்லாருக்கீங்களா” என்று கைகூப்பினான். சாராளைப் பார்த்ததும், “என்ன எருமை, இப்படி ஊதிப்போட்டே” என்றான்.

“நீ மட்டும் என்னடா, தலையில பாதி மசுரைக் காணோம்” என்றாள் அவள்.

“புள்ளைகளா, இது ரூபன் மாமா” என்று அறிமுகமும் செய்தாள். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த முறை. நியாயமாகப் பார்த்தால் அந்த ஒரு சொல்லில் பிரகாசத்தின் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எங்கே குளிர்ந்தது? அவள் ரூபன்மேல் ஆசைப்படுகிறாள் என்று அவன் ஒரு நொடியும் நினைக்கவில்லை. இவ்வளவு பெரிய உலகத்தில் அவள் ‘ங்க’ இல்லாமல் பேசுகிற ஒரே மனிதன், புருஷனான தான் இல்லை, இந்தப் பரிசல்காரன் என்பதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது.

அவனால் முடிந்தது ஒன்றுதான். இன்று முழுக்க ரூபனுக்கு ஒரு ‘ங்க’வும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தான். எங்கள் பக்கத்தில் அது லேசான காரியம் இல்லை. பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிரகாசம் ஒவ்வொரு சொல்லின் வாலையும் கடித்துத் துப்பிவிட்டுப் பேசினான். “ஏப்பா, இது எத்தனை பேரைத் தாங்கும்?”

“பத்துப் பேரு தாங்குமுங்க மாப்பிள்ளைங்க. பயப்படாம ஏறுங்க.”

“எனக்கென்ன பயம்?”

வட்டமான மூங்கில் பரிசல். அடியில் தார் பூசியிருந்தது. நடுவில் பிள்ளைகள், ஒரு பக்கம் சாராள், எதிரே பிரகாசம். முன்னால் ரூபன் குத்தவைத்து உட்கார்ந்து ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்து விட்டான். “அம்மணி, ஓரத்துல கையை வெக்காதீங்க கண்ணு” என்று ரெபேக்காவிடம் சொன்னான். கிறிஸ்டோவின் கையில் ஒரு பிடி வேகவைத்த கடலையைத் திணித்தான். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பிள்ளைகளும் அவன் பக்கம் நகர்ந்து ஒட்டிக்கொண்டன.

நல்லாங்குளம், குளத்தைச் சுற்றி லாடம் மாதிரி மூன்று பக்கமும் வளைந்து கிடக்கும் ஊர். தண்ணீரிலிருந்து பார்த்தால் ஊரின் முதுகுதான் தெரியும். சமையல் புகை, கொடியில் காயும் வேட்டி, தவிட்டுத் தொட்டிக்குத் தலை நீட்டும் எருமைகள். சாராளுக்கு எல்லாம் அத்துப்படி. அது சந்தைமேடு, அது அரிசி மில்லு, அது மாரியம்மன் கோயில் படித்துறை, அந்த வேப்பமரத்தடியில்தான் பள்ளிக்கூடம் என்று கை நீட்டி நீட்டிக் காட்டினாள்.

“முன்னாடி இருந்து பார்த்தா எப்படிம்மா இருக்கும்?” என்று ரெபேக்கா கேட்டாள்.

“முன்வாசத் தெருவுல எங்களுக்கு வேலை இல்லீங்க கண்ணு. எல்லாம் பின்னாடிதான். அதனால இப்படிப் பார்த்தாத்தான் அம்மாவுக்கு அடையாளம் தெரியும்.”

சர்ச் கோபுரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கியது. அங்கே பரிசலை நிறுத்தி எல்லோரும் இறங்கினார்கள். ஐயாசாமியின் கல்லறையைச் சுற்றி யாரோ புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். “வருசா வருசம் இவன்தானுங்க பண்றான்” என்று சாராள் ரூபனைக் காட்டினாள். பிரகாசம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மாமனார் கல்லறைக்குத் தான் ஒரு கைப்பிடி மண்கூட அள்ளிப் போட்டதில்லை என்பது நெஞ்சில் குத்தியது. அந்தக் குத்தலையும் ரூபன் கணக்கிலேயே எழுதினான்.

மறுபடி பரிசல் ஏறியதும் சாராள் சின்னப் பெண் ஆகிவிட்டாள். தண்ணீரை அள்ளி ரூபன் முதுகில் அடித்தாள். “டேய், ஆமையாட்டப் போறே. நேரா ஓட்றா.”

“நீ துடுப்புப் போட்ட லட்சணம் எனக்குத் தெரியாதா. நாலாவதுல சேத்துல குப்புற உழுந்தவதானே.”

“தள்ளி உட்டதே நீதான்டா.”

நாற்பத்தொன்று என்று எண்ணினான் பிரகாசம். பரிசல் ஏறியதிலிருந்து இதுவரை ‘ங்க’ இல்லாமல் நாற்பத்தொரு பேச்சு. இத்தனையும் ஒரு மோட்டாரில் சுற்றியிருந்தால் பாதிக் காயில் முடிந்திருக்கும். நடுநடுவே அவள் அவன் பக்கம் திரும்பி, “வெயில் அடிக்குதுங்களா? துண்டைத் தலையில போட்டுக்குங்க” என்றாள். மாமியார் வீட்டுக்கு வந்த ஒரம்பரையிடம், விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி.

“ஏப்பா, துடுப்பை இங்கே குடு” என்றான் பிரகாசம்.

ரூபன் தயங்கினான். “மாப்பிள்ளைங்க, இது படகாட்ட இல்லீங்க. முன்னாடி உக்காந்து தண்ணியைத் தம்பக்கம் இழுக்கோணுமுங்க. பக்கவாட்டுல போட்டா…”

“எல்லாம் எனக்குத் தெரியும். குடு.”

“வேண்டாமுங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க” என்றாள் சாராள். பிரகாசம் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

அவன் பக்கவாட்டில்தான் போட்டான். பரிசல் ஒரு அடி முன்னே போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது. வேகமாகப் போட்டான். வேகமாகச் சுற்றியது. “அப்பா, இன்னொருக்கா, இன்னொருக்கா” என்று கிறிஸ்டோ கைதட்டிக் குதித்தான். காயில் கட்டுகிறவன் பதினோரு சுற்று எண்ணினான். அதற்குமேல் தலை கிறுகிறுத்துவிட்டது. சுற்றிக்கொண்டே பரிசல் ஒரு பெரிய வீட்டின் கல் படித்துறையை ஒட்டி ஒதுங்கியது.

படியில் மாரியாத்தாள் என்ற அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மேல்படியில் வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் நின்றான். பேர் திருமலைசாமி, காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். இருபது வயசு நிறைந்திருக்காது. ஊருக்கே பண்ணாடியான, நிலபுலன்காரரான அவன் தாத்தாவின் தோட்டத்தில்தான் ஐயாசாமி ஆயுசு முழுக்க வேலை செய்தார். படிக்குப் பின்னால் தெரிந்த நெல்லடிக்கும் களத்தில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பரிசல் அந்தப் பக்கம் ஒதுங்கியதுமே சாராள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

“டேய் ரூபா, யாருடா இவங்கெல்லாம்?” என்றான் பையன்.

“நம்ம ஐயாசாமி மகளும் மருமவனுமுங்க, சின்னப் பண்ணாடி. கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்காங்க” என்றான் ரூபன். இவ்வளவு நேரம் சாராளோடு வாயாடியவன் குரலைக் காணோம். வேறு யாரோ பேசின மாதிரி இருந்தது.

பிரகாசம் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. பரிசலை நிறுத்தியே தீருவது என்று எழுந்து நின்று, துடுப்பைப் படிக்கல்லில் ஊன்றித் தள்ளினான். பரிசல் பின்னால் போயிற்று. துடுப்பு கல்லிலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவன் கொஞ்ச நேரம் வானத்தில் இருந்தான். பிறகு தண்ணீரில் இருந்தான்.

வாயிலும் மூக்கிலும் தண்ணீர். கையைக் காலை அடித்தான். தரை எது, வானம் எது என்று தெரியவில்லை. செத்தோம் என்றே முடிவு கட்டிவிட்டான். அப்போது தலைக்குமேல் அந்தக் குரல் வந்தது.

“டேய் பிரகாசம்! கால ஊனுடா! எந்திரிச்சு நில்லுடா, இடுப்புத் தண்ணிதான்!”

காலை ஊன்றினான். நின்றான். இடுப்புத் தண்ணீர்தான். தலைமேல் பாசி, ஒரு கால் செருப்பைக் காணோம், இருமல் நிற்கவில்லை. ஆனால் அந்த மனிதனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வருஷம். பேர் ஒன்று, ‘டேய்’ ஒன்று, ‘டா’ இரண்டு. அவள் அடிவயிற்றிலிருந்து கத்தியிருக்கிறாள். ரூபனுக்குக் கொடுத்த நாற்பத்தொன்றும் இதற்கு உறை போடக் காணாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே அவன் இளித்தான்.

“டேய் பிரகாசம், எந்திரிச்சு நில்லுடா” என்று மேல்படியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. சின்னப் பண்ணாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இடுப்புத் தண்ணிக்கா இந்தக் கூத்து? ஏறி வாடா பிரகாசம்.”

அதே பேர். அதே ‘டா’. சாராள் வாயிலிருந்து விழுந்த சூடு ஆறுவதற்குள் அவன் எடுத்துக்கொண்டான். அவன் அதை யோசித்து எடுத்ததாகவும் தெரியவில்லை. தங்கள் கொடியில் காய்கிற துணியை எடுக்கிற மாதிரி எடுத்தான். பிரகாசத்தின் இளிப்பு அப்படியே நின்றது. பட்டறை முதலாளிகூட அவனை ‘என்னங்க பிரகாசம்’ என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பிள்ளைக்கு அவன் வயசில் பாதிதான் இருக்கும்.

சாராளைப் பார்த்தான். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், உடைக்கக் கூடாததை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி. பிறகு கையை எடுத்தாள். பரிசலில் எழுந்து நின்றாள். அது ஆடவே இல்லை.

“தம்பிங்க” என்றாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. “அவரு என்ற ஊட்டுக்காரருங்க. உங்களைவிட மூத்தவருங்க. பிரகாசமுங்கன்னு கூப்புடுங்க. ஏறி வாங்கன்னு சொல்லுங்க.”

பையன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான். “இல்ல, நீயே அப்படித்தானே…”

“நான் பயத்துல கத்துனனுங்க. நீங்க எதுக்குக் கத்துனீங்க?”

மாரியாத்தாள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டாள். ரூபன் தண்ணீரையே பார்த்தான். பையன் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு படியேறி உள்ளே போய்விட்டான். ‘வாங்க’ அவன் வாயிலிருந்து வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

ரூபன் தண்ணீரில் குதித்து, பிரகாசத்தின் கக்கத்தில் கைகொடுத்துப் பரிசலில் ஏற்றினான். செருப்பையும் துழாவி எடுத்துக் கழுவிக் கொடுத்தான். கல்லில் கிடந்த துடுப்பை எடுத்துக்கொண்டு பரிசலைத் திருப்பினான். “அப்பாவை ஏம்மா அந்த அண்ணன் டா போட்டாங்க?” என்று ரெபேக்கா கேட்டாள். ரூபன் துடுப்பை வேகமாக இழுத்துப் போட்டான்.

கரையில் புளியமரத்தடியில் சாராள் அவன் சட்டையைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி மறுபடி பிழிந்தாள்.

“எங்கப்பனுக்கு அப்ப அம்பது வயசுங்க” என்றாள் சட்டையைப் பார்த்துக்கொண்டே. “பால்பல்லு உழுகாத பையன் அந்தப் படியில நின்னுட்டு, டேய் ஐயாசாமி, வாடாம்பான். எங்கப்பன் வாரனுங்க சாமின்னு ஓடுவாரு. ரூபனும் நானும் டா போட்டுக்கறது எங்க தெருவுக்குள்ளங்க. அதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா நமக்குக் கல்யாணமான அன்னைக்கு நெனச்சுக்கிட்டேன். என்ற ஊட்டுக்காரரு பேரை நானே லேசாக்கிப்போட்டா ஊரு சும்மா உடுமாங்க? ஒம்பது வருசம் பத்திரமா வெச்சிருந்தனுங்க. கடைசீல அந்தப் படியிலயே கொண்டுவந்து போட்டு ஒடச்சுப்போட்டேன்.”

நூற்று நாற்பத்து மூன்று, ஒரு நாளைக்கு. ஒன்பது வருஷத்துக்கு எத்தனை என்று பிரகாசம் பெருக்கிப் பார்க்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணப் பிடிக்கவில்லை.

“நீ கூப்பிட்டது எனக்குப் புடிச்சுத்தான் இருந்துது” என்றான் மெதுவாக.

சாராள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவில் உதடு லேசாகக் கோணிற்று. “அதெல்லாம் ஊட்டுக்குப் போய், கதவைச் சாத்திட்டுப் பாத்துக்கலாமுங்க” என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ரூபன் ஒரு பை நிறைய மீனும் பிள்ளைகளுக்குக் கடலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாலடி தள்ளி நின்றுகொண்டான். பிரகாசம் படியில் ஒரு காலை வைத்தவன் இறங்கி வந்தான். காலையிலிருந்து கடித்துத் துப்பியதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“ஏனுங்க ரூபன், பொங்கலுக்கு நம்மூட்டுக்கு வாங்க. நாலு நாள் இருந்துட்டுப் போலாமுங்க.”

ரூபன் சட்டென்று பின்னால் திரும்பி, அங்கே வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“உன்னைத்தான்டா எருமை” என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் சாராள். அந்த ‘டா’ பிரகாசத்துக்கு இன்னும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.